பயிற்சியாளரும் ஆசிரியரே: அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் வாழ்க்கை வழியாக ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஆளுநரையும் நீதிபதிகளையும் தாண்டி முதலிடத்தில் இருப்பவர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளராக இருப்பார். அவர் வகுப்பெடுப்பதில்லை, விடைத்தாள் திருத்துவதில்லை, பேராசிரியர்களின் கூட்டத்தில் அமர்வதும் இல்லை. இரண்டு மூன்று ஆட்டப் பருவங்கள் தொடர்ந்து தோற்றால் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே இழப்பீடு கொடுத்து அவரை அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பணி உருவானபோது, பயிற்சியாளர் என்பவர் கல்லூரி ஆசிரியர்களுள் ஒருவராக இருக்க வேண்டும், மற்ற பேராசிரியர்களுக்கு உள்ள உரிமையும் பொறுப்பும் அவருக்கும் இருக்க வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. இந்தக் கருத்து எப்படித் தோன்றியது, நடைமுறையில் எந்த அளவுக்கு நின்றது, ஏன் தளர்ந்தது என்பதை அறிய, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 41 பருவங்கள் பணியாற்றிய அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் வாழ்க்கையைப் படிப்பதே நல்ல வழி என்று நான் கருதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது நாம் தெருவிலும் மைதானத்திலும் ஆடும் கால்பந்தை அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் 1869இல் ஆடிய ஆட்டத்தை இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம் என்றாலும், அணிக்கு 25 பேர் இறங்கி ஆடிய அந்த ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் ஒற்றுமை குறைவு. ரக்பியின் சாயலோடு வளர்ந்த ஆட்டத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்ததில் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் கேம்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1880இல் அணிக்கு 11 பேர் என்ற வரையறையும், இரு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிராக நின்று ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் முறையும் வந்தன. மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜமாவது முன்னேற வேண்டும், இல்லையேல் பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 1882இல் வந்தது. இந்த விதிக்குப் பின்னர் ஆட்டம் வெறும் ஓட்டமும் மோதலுமாக இருக்க முடியவில்லை. அடுத்த முயற்சியில் யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, பந்து யார் கைக்குப் போவது என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்து ஒத்திகை பார்க்க வேண்டியதாயிற்று. வகுப்பதும் ஒத்திகையும் தேவைப்பட்டபோதுதான் அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

ஆயினும் அந்த ஆளுக்குக் கல்லூரி உடனே பதவி கொடுத்துவிடவில்லை. அணியை நடத்தியவர் மாணவர்களே தேர்ந்தெடுத்த அணித்தலைவர். அவருக்கு உதவியாகப் பழைய மாணவர்கள் மாலை நேரத்தில் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். விதிகளையே எழுதிய வால்டர் கேம்ப்கூட நியூ ஹேவனில் ஒரு கடிகார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே யேல் அணிக்கு ஆலோசகராக இருந்தவர். விளையாட்டு மாணவர்களின் சொந்த விவகாரம் என்றும், கல்லூரி அதில் தலையிடுவது முறையன்று என்றும் பெரும்பாலான நிர்வாகிகள் எண்ணினார்கள்.

ஸ்டாக் 1862 ஆகஸ்டு 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். கல்லூரியில் சேருவதற்குத் தேவையான பாடங்களை ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் என்ற உறைவிடப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, 1884இல் யேலில் சேர்ந்தார். கையில் பணமில்லாததால் கணப்பு இல்லாத மேல்மாடி அறை ஒன்றில் தங்கி, அரை வயிறும் கால் வயிறுமாகச் சாப்பிட்டுப் படித்தார். அந்த நிலையிலும் யேல் பேஸ்பால் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளராகப் பெயர் பெற்றார். தொழில்முறை அணிகள் நல்ல சம்பளத்துக்கு அழைத்தபோது, விளையாட்டைப் பிழைப்பாக்க விரும்பாமல் மறுத்தார். மதபோதகராக வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்காகவே பட்டம் பெற்ற பின் யேலின் இறையியல் பிரிவில் சேர்ந்தார். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்களைத் தேர்ந்து 1889இல் முதன்முறையாக வெளியிட்ட அகில அமெரிக்கக் கால்பந்து அணிப் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

மேடையில் நின்று பிரசங்கம் செய்வது தமக்கு வராது என்று ஸ்டாக் கண்டுகொண்டதுதான் அவருடைய வாழ்க்கையின் திருப்பம். சொற்களால் இளைஞர்களை நெறிப்படுத்த முடியாவிட்டால் மைதானத்தில் நெறிப்படுத்தலாம் என்று முடிவு செய்து, 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளிக்குப் போனார். உடற்பயிற்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதே அந்தப் பள்ளியின் பணி. உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்து வளர்ப்பதே கல்வி என்ற கொள்கை அங்கே பாடத்திட்டமாகவே இருந்தது. ஸ்டாக் திரட்டிய கால்பந்து அணியில் ஆடியவர்களுள் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் ஒருவர். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்கு ஏற்றதாக அவர் 1891 டிசம்பரில் உருவாக்கிய விளையாட்டுதான் கூடைப்பந்து. 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னிலையில் முதன்முறையாக நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர்கள் தரப்பின் அந்த ஒரே புள்ளியை எடுத்தவர் ஸ்டாக்.

இந்தப் பள்ளியோடு சென்னைக்கு நேரான தொடர்பு ஒன்று உண்டு. ஸ்ப்ரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய வீரர்களைப் பயிற்றுவித்தவரும் அவரே. நம் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர் என்பவர் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்ற எண்ணமும், ஸ்டாக்கை உருவாக்கிய எண்ணமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது பயனுள்ளது.

ஸ்டாக்குக்கு யேலில் விவிலியப் பாடம் நடத்தியவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்ற எபிரேய மொழி அறிஞர். எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் ராக்ஃபெல்லரின் நன்கொடையால் சிக்காகோவில் புதிய பல்கலைக்கழகம் அமைந்தபோது, அதன் முதல் தலைவராக ஹார்ப்பர் பொறுப்பேற்றார். கட்டடங்கள் எழும்பும் முன்பே அவர் பழைய மாணவரை அழைத்து, உடற்கல்வித் துறையை ஏற்கும்படி கேட்டார். ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளமும், வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இணைப் பேராசிரியர் பதவியும் தருவதாகச் சொன்னார். சம்பளத்தை விடப் பதவியின் தன்மையே இங்கு முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பேராசிரியர் ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. மாணவர்களுக்கோ நன்கொடையாளர்களுக்கோ அவருடைய கருத்து பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. அந்தப் பாதுகாப்பை ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு வழங்கியதன் பொருள், தோற்றாலும் அவர் வேலை போகாது என்பதாகும். வேலை போகும் என்ற அச்சம் இல்லாதவர் வெற்றிக்காகக் குறுக்கு வழியில் போக மாட்டார் என்பது இதன் பின்னால் இருந்த நம்பிக்கை. நிரந்தரப் பேராசிரியர் தகுதி பெற்ற முதல் கல்லூரிப் பயிற்சியாளராக ஸ்டாக்கைக் குறிப்பிடுவார்கள்.

1892 அக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தபோது அணி சேர்ப்பதற்கே ஆள் போதவில்லை. முப்பது வயதுப் பேராசிரியர் தாமே சட்டை மாற்றிக்கொண்டு மாணவர்களோடு சேர்ந்து களத்தில் இறங்கி, உயர்நிலைப் பள்ளி அணிகளோடு ஆடினார். விதிகள் இறுகாத அந்தக் காலத்தில் இதை யாரும் தடுக்கவில்லை. மைதானத்துக்கான நிலத்தை வணிகர் மார்ஷல் ஃபீல்டு கொடுத்தார்; அதைச் சுற்றி வேலி அடிக்கும் வேலையில் மாணவர்களோடு ஸ்டாக்கும் சேர்ந்துகொண்டார். 1894 கிறிஸ்துமஸ் நாளன்று அவருடைய அணி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு அணியை எதிர்த்து ஆடியது. ரயிலில் நாட்டின் குறுக்கே இவ்வளவு தொலைவு போய் ஒரு கல்லூரி அணி ஆடுவது அன்று பெரும் புதுமை.

ஸ்டாக்கின் பணி கால்பந்தோடு முடிந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேஸ்பால், தடகளம், கூடைப்பந்து ஆகியவற்றுக்கும் அவர் பயிற்சியாளராக இருந்தார். அணியில் இல்லாத சாதாரண மாணவர்களுக்கும் உடற்பயிற்சி வகுப்பு கட்டாயம், அதற்கும் அவருடைய துறையே பொறுப்பு. 1893இல், யேலில் உடன் ஆடிய ஹென்றி வில்லியம்ஸோடு சேர்ந்து, பள்ளிகளும் கல்லூரிகளும் பயன்படுத்தும் வகையில் ஒரு கால்பந்துக் கையேட்டை எழுதினார். ஒவ்வொரு ஆட்ட அமைப்பையும் வரைபடமாகக் காட்டி, எந்த இடத்தில் நிற்பவர் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று விளக்கிய அந்த நூல், பயிற்சியாளரே இல்லாத சிற்றூர்ப் பள்ளி மாணவர்களும் படித்துக் கற்றுக்கொள்ளும்படி அமைந்தது. அனுபவமுள்ளவர் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைப் பாடநூலாக மாற்றியதில்தான் ஸ்டாக்கின் ஆசிரியத் தன்மை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அவர் கற்பித்த முறையிலும் அதே தன்மை உண்டு. ஓடிவரும் எதிரியைப் பாய்ந்து பிடித்து வீழ்த்துவது இந்த ஆட்டத்தின் அடிப்படைத் திறன்; அதை ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து பழகினால் பயிற்சியிலேயே பாதிப் பேருக்குக் காயம் பட்டுவிடும். யேலில் இருந்தபோதே ஒரு மெத்தையைச் சுருட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் பாய்ந்து பழகச் செய்தவர் ஸ்டாக் என்பார்கள். தோளை எந்த உயரத்தில் கொடுப்பது, கைகளை எங்கே பூட்டுவது, தலையை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்பதை ஒரே மாணவர் அடிபடாமல் ஐம்பது முறை செய்து பார்க்க அது வழி செய்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு வீரர்கள் வட்டமாகக் கூடித் திட்டத்தைப் பேசிக்கொள்வது, சட்டையில் எண் எழுதுவது, பந்து கைமாறும் முன்பே ஒரு வீரர் பக்கவாட்டில் நகரத் தொடங்குவது முதலிய பலவற்றோடும் அவர் பெயர் இணைந்திருக்கிறது. இவற்றுள் சிலவற்றுக்கு வேறு சிலரும் உரிமை கொண்டாடுவதுண்டு. மது, புகை இரண்டையும் அவர் தொட்டதில்லை. கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. கோபம் எல்லை மீறினால் அவர் மாணவரைத் திட்டிய சொல் ‘கழுதை’. அதற்கும் மேலே போனால் ‘இரட்டைக் கழுதை’. 1894இல் அவர் மணந்த ஸ்டெல்லா, ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் குறிப்பெடுத்து வரைபடமாக்கித் தருவதில் அவருக்குப் பல பத்தாண்டுகள் துணையாக இருந்தார். இன்று இதற்கென்று தனிப் பணியாளர் கூட்டமே ஒவ்வோர் அணியிலும் இருக்கிறது.

பள்ளி மாணவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1902 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டியைச் சிக்காகோ வளாகத்தில் நடத்தினார். நாடெங்கிலும் உள்ள பள்ளி அணிகளை அழைத்து நடத்திய கூடைப்பந்துப் போட்டி 1917இல் தொடங்கி, 1920 முதல் 1930 வரை ஆண்டுதோறும் நடந்தது. வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு விதமாக ஆடப்பட்டு வந்த பள்ளிக் கூடைப்பந்து ஒரே விதிகளுக்குள் வருவதற்கு இத்தகைய போட்டிகள் உதவின. ஸ்டாக் ஓய்வு பெற்ற பின்னரும் பள்ளித் தடகளப் போட்டி அங்கே நடந்தது. 1933இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற பள்ளி மாணவர் 100 கஜத்தை 9.4 நொடியில் ஓடியது ஸ்டாக்கின் பெயர் தாங்கிய மைதானத்தில்தான். இந்தப் போட்டிகளுக்கு வேறொரு பயனும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. திறமையான பள்ளி வீரர்கள் சிக்காகோ வளாகத்தைப் பார்த்துப் பழகினால், பின்னர் அங்கேயே சேர விரும்புவார்கள் அல்லவா?

பேராசிரியர்-பயிற்சியாளர் என்ற கருத்தின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஹார்ப்பர் ஸ்டாக்குக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தது கல்வி நோக்கத்தால் மட்டும் அன்று. நேற்று முளைத்த பல்கலைக்கழகத்தின் பெயரை நாடறியச் செய்யக் கால்பந்து உதவும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஸ்டாக்கின் துறை தன் வருவாயைத் தானே நிர்வகித்தது. வேறு எந்தத் துறைக்கும் இல்லாத தன்னுரிமை அதற்கு இருந்தது. நுழைவுச்சீட்டு விற்றுப் பணம் ஈட்டும் துறையும் கிரேக்கம் கற்பிக்கும் துறையும் ஒரே தரத்தவை என்று தாளில் எழுதிவிடலாம், நடைமுறையில் முடியாது. வால்டர் எக்கர்சால் இதற்குச் சான்று. சிக்காகோவின் ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்த இவர் 1904 முதல் 1906 வரை மூன்று ஆண்டும் அகில அமெரிக்க அணிப் பட்டியலில் இடம்பெற்றார். சேர்க்கைக்கு வேண்டிய பாடத் தகுதிகளை முழுமையாகப் பெறாமலேயே உள்ளே வந்து, ஆடும் தகுதிக்காலம் முடிந்ததும் பட்டம் இல்லாமலேயே வெளியேறினார். 1905 இறுதியில் கோலியர்ஸ் இதழ் மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் வீரர்களைச் சேர்க்கும் முறைகளை அம்பலப்படுத்தத் தொடங்கியபோது, அந்தப் பட்டியலில் சிக்காகோவும் இருந்தது. ஸ்டாக்கைப் போற்றும் கட்டுரைகள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. ஆனால் இதைப் படிக்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது: தனிவாழ்வில் அப்பழுக்கற்ற ஒருவர், அமைப்பின் அழுத்தத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே 1905ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஸ்டாக்கின் புகழ் உச்சத்தை எட்டியது. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றுவித்த மிச்சிகன் அணி 56 ஆட்டங்கள் தோல்வி காணாமல் சிக்காகோவுக்கு வந்தது. இரு தரப்பும் புள்ளி எடுக்காமல் ஆட்டம் நீண்டது. இரண்டாம் பாதியில் எக்கர்சால் ஓங்கி உதைத்த பந்தை மிச்சிகன் வீரர் தம் அணியின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பிடித்து, அதை அங்கேயே வைத்துவிடாமல் முன்னோக்கி ஓட முயன்றார். சிக்காகோ வீரர்கள் அவரைத் தாக்கி மீண்டும் கோட்டுக்குப் பின்னால் தள்ளி வீழ்த்தினார்கள். சொந்த எல்லைக்குள் பந்தோடு வீழ்ந்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

ஆனால் அந்தப் பருவத்தில் நாடு பேசியது வெற்றிகளைப் பற்றி மட்டும் அன்று. ஆட்டத்தில் காயம்பட்டு அந்த ஆண்டில் 18 பேர் இறந்ததாகச் சிக்காகோ ட்ரிப்யூன் கணக்கிட்டது. வீரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு திரளாகப் பாயும் ஆட்ட அமைப்புகளே இதற்கு முக்கியக் காரணம். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபர் 9 அன்றே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியிருந்தார். பருவத்தின் இறுதியில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் இறந்துபோகவே, கல்லூரிகள் கூடிப் பேசின. 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. மூன்று முயற்சிகளில் கடக்க வேண்டிய தூரம் பத்துக் கஜமாக உயர்ந்தது. இரு அணிகளின் வரிசைகளுக்கு இடையே சிறு இடைவெளி கட்டாயமாயிற்று. கூட்டத்தைக் கலைத்து ஆட்டத்தைப் பரவலாக்குவதே இவற்றின் நோக்கம். விதிக்குழுவில் ஸ்டாக்கும் இருந்தார். கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும், இன்று என்.சி.ஏ.ஏ. என்று அறியப்படும் சங்கம் பிறந்ததும் இந்த நெருக்கடியிலிருந்துதான்.

நம் கருத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய மாற்றம் மத்திய மேற்குப் பகுதியில் நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சலின் அழைப்பை ஏற்று, பின்னாளில் ‘பிக் டென்’ என்று பெயர் பெற்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் பேராசிரியர்கள் 1906 தொடக்கத்தில் கூடினார்கள். கால்பந்தை அடியோடு நிறுத்திவைக்க வேண்டும் என்ற குரலும் அங்கே எழுந்தது. விஸ்கான்சினைச் சேர்ந்த வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் சீர்திருத்தத்தை முன்னின்று வலியுறுத்தினார். பருவத்துக்கு ஐந்து ஆட்டங்கள் மட்டும், ஒரு மாணவர் மூன்று ஆண்டுகள் மட்டும் ஆடலாம், முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றோடு, பயிற்சியாளரை மற்ற ஆசிரியர்களை நியமிப்பது போலவே பல்கலைக்கழகம் முறைப்படி நியமிக்க வேண்டும், சம்பளமும் மிதமாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. பருவத்துக்கு மட்டும் வந்து பணம் வாங்கிக்கொண்டு போகும் பயிற்சியாளர்களுக்கு எதிரான விதி அது. சிக்காகோவில் 1892 முதல் நடைமுறையில் இருந்த ஒன்று இப்போது மற்றவர்களுக்கும் நெறியாயிற்று. மிச்சிகனுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் ஒத்துவரவில்லை. சில காலத்திலேயே கூட்டமைப்பை விட்டு வெளியேறி, 1917இல்தான் திரும்பி வந்தது.

ஆசிரியர் என்ற சொல்லை ஸ்டாக் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார் என்பதை 1922 அக்டோபரில் பிரின்ஸ்டனோடு நடந்த ஆட்டம் காட்டுகிறது. கிழக்கிலிருந்து புகழ்பெற்ற அணி வந்திருந்தது. ஆட்டத்தின் வர்ணனை வானொலி வழியாக நியூயார்க்வரை ஒலித்தது. கடைசி நேரத்தில் பிரின்ஸ்டன் 21-18 என்று முன்னணியில் இருக்க, சிக்காகோ எதிரணியின் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது. தொடர்ந்து ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்த தம் வீரர்களிடம், திட்டத்தை மாற்று என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆட்டத்தின் முடிவு வேறாகியிருக்கலாம். மாற்று வீரர் ஒருவரை அனுப்பி அவர் வழியாகச் செய்தி சொல்லும்படி அருகிலிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். ஆட்டம் நடக்கும்போது ஓரத்திலிருந்து பயிற்சி சொல்வதை விதிக்குழு விரும்பவில்லை என்று சொல்லி ஸ்டாக் மறுத்துவிட்டார். சிக்காகோ கோட்டைக் கடக்க முடியாமல் தோற்றது. இன்றைய வாசகருக்கு இது விளங்காமல் போகலாம். இன்று பயிற்சியாளர் ஒவ்வொரு நகர்வையும் வானொலிக் கருவி வழியாகக்கூடச் சொல்லி அனுப்புகிறார். அன்றைய கருத்தின்படி ஆட்டநாள் என்பது தேர்வுக் கூடம் போன்றது. ஆண்டு முழுவதும் பாடம் சொன்னவர் அன்று விடையைக் கிசுகிசுக்கக் கூடாது. முடிவெடுக்க வேண்டியது மாணவர்.

1924இல் ஸ்டாக்கின் அணி ஏழாவது முறையாகவும் கடைசி முறையாகவும் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. அதன் பிறகு இறக்கம். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாணவர் எண்ணிக்கை பெருகியது, பெரிய அரங்குகள் எழுந்தன, வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுக்கும் வழக்கமும் பரவியது. கார்னெகி அறக்கட்டளை 1929இல் வெளியிட்ட கல்லூரி விளையாட்டு அறிக்கை, தான் ஆராய்ந்த கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் வீரர்களுக்கு உதவித்தொகை கொடுத்ததைக் கண்டறிந்தது. அப்படிக் கொடுக்காதவை என்று அது குறிப்பிட்ட சிறு பட்டியலில் சிக்காகோ இருந்தது. எக்கர்சால் காலத்துச் சிக்காகோவை நினைத்துப் பார்த்தால் இது சிறிய மாற்றமன்று. அந்தச் சுத்தத்துக்கு மைதானத்தில் அவர்கள் விலை கொடுத்தார்கள்.

அதே 1929இல் முப்பது வயது ராபர்ட் ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத் தலைவரானார். பேராசிரியர்கள் 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஸ்டாக்குக்கு 1932இல் 70 நிறைந்தது. தொடர விரும்பிய அவருக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. வேறொரு பொறுப்பைக் கொடுக்க முன்வந்தபோது, வேலையில்லாமல் சம்பளம் வாங்க அவர் மறுத்தார். நாற்பது ஆண்டுகள் அவரைக் காத்த பேராசிரியர் பதவியே, மற்றப் பேராசிரியர்களுக்குரிய விதியைக் காட்டி அவரை வெளியேற்றியதும் அந்தக் கருத்தின் ஒரு பகுதிதான். ஆசிரியருக்குரிய பாதுகாப்பை ஏற்றவர் ஆசிரியருக்குரிய வரம்பையும் ஏற்க வேண்டியிருந்தது. ஹட்சின்ஸ் செய்தது விதிப்படி சரி என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும், ஸ்டாக்கிடம் இன்னும் எவ்வளவு பணி மிஞ்சியிருந்தது என்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் இருந்த பசிபிக் கல்லூரி அவரை அழைத்தது. 1933 முதல் 1946 வரை 14 பருவங்கள் அங்கே பயிற்சியளித்தார். 1938இல் தம் சிறிய கல்லூரியின் அணியோடு சிக்காகோவுக்கு வந்து, தம் பெயர் சூட்டப்பட்ட மைதானத்திலேயே பழைய பல்கலைக்கழகத்தை 32-0 என்று வென்றார். அடுத்த ஆண்டு மிச்சிகனிடம் 85-0 என்று தோற்ற சிக்காகோ, பருவம் முடிந்ததும் கால்பந்தையே நிறுத்திவிட்டது. ஆளரவமற்றுப் போன ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலறிஞர் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. பின்னர் அந்த மைதானம் இடிக்கப்பட்டது. அங்கே இன்று பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது. ஸ்டாக்கோ 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகச் சக பயிற்சியாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1947 முதல் 1952 வரை பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் தம் மகனோடு சேர்ந்து பயிற்சியளித்தார். பிறகு ஸ்டாக்டனுக்குத் திரும்பி, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அங்கிருந்த கல்லூரி மாணவர்களுக்குப் பந்தை உதைக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழ்மன்றம் 1951இல் அவரை வீரராகவும் பயிற்சியாளராகவும் ஏற்றுக்கொண்டது. 1959இல் கூடைப்பந்துப் புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1965 மார்ச் 17 அன்று, 102 வயதில் காலமானார். அவருடைய கணக்கில் எழுதப்பட்ட 314 வெற்றிகளை 1981இல்தான் அலபாமா பயிற்சியாளர் பேர் பிரையன்ட் தாண்டினார். ஸ்டாக்டனிலும், சிக்காகோவை அடுத்த பாலோஸ் ஹில்ஸிலும் உள்ள இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் ஸ்டாக்கின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கால்பந்து இறுதியாட்டத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. 1969இல் கால்பந்தை மீண்டும் முறைப்படி தொடங்கிய சிக்காகோ பல்கலைக்கழகம் இன்று ஆடுவதும் அந்தப் பிரிவில்தான்.